கடனைக் கடைசியில் வையுங்கள்: கல்லூரிச் செலவு பற்றி வாசகர் கேள்வி–பதில்

பிளஸ் டூ முடிவுகளுக்குப் பிறகு கல்லூரிக் கட்டணம், உதவித்தொகை, கல்விக் கடன் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டோம். ஊர்ப் பெயர் போதும் என்று கேட்டவர்களுக்கு ஊர்ப் பெயர் மட்டுமே.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். 7.5 சதவீதம், முதல் பட்டதாரி, புதுமைப்பெண் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாம் சேர்ந்தே கிடைக்குமா? (ஒரு தாய், செஞ்சி)

பதில்: மூன்றும் மூன்று வேறு வேலையைச் செய்பவை. அதைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் போய்விடும்.

7.5 சதவீதம் என்பது இடஒதுக்கீடு. முதலில் மருத்துவத்துக்கு வந்தது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டிவிடும். அந்த இடத்தில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையைத் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கட்டண விலக்கு அந்த ஒதுக்கீட்டு இடத்தோடு சேர்ந்து வருவது. ஒதுக்கீட்டு ஆணையில் எந்தப் பிரிவில் இடம் என்று அச்சிட்டிருப்பார்கள். கல்லூரிப் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

பொதுப் பிரிவு வழியாகத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால், அப்போது முதல் பட்டதாரிச் சலுகை கைகொடுக்கும். கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். இதற்கு வருமான வரம்பு கிடையாது, சாதி வரம்பும் கிடையாது. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்தவர்களுக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கையில் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை நிறுத்த மாட்டார்கள். 7.5 சதவீத இடத்தில் இருப்பவருக்கும் உண்டு. அதனால் உங்கள் மகளுக்கு ஒதுக்கீட்டு இடமும் புதுமைப்பெண்ணும், அல்லது முதல் பட்டதாரிச் சலுகையும் புதுமைப்பெண்ணும் சேர்ந்து கிடைக்கும்.

எந்தப் பிரிவில் இடம் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது அல்லவா? அதனால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று படிப்படியாகப் போகும். கலந்தாய்வுச் சமயத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பதால் தேங்கும். சான்றிதழோடு, பெற்றோரும் மாணவியும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் பதிவேற்ற வேண்டும். சான்றிதழை ஏற்றிவிட்டு இந்தப் படிவத்தை மறந்துவிடுபவர்கள் ஏராளம். சான்றிதழ் சரிபார்ப்பின்போது சலுகை கழன்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: அண்ணன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். தம்பிக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்குமா? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: கிடைக்கும். டிப்ளமோ பட்டம் ஆகாது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவர் பட்டதாரியாக இருந்தாலும் கிடைக்காது. அக்கா அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தால் அதுவும் பட்டம்தான். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் தம்பிக்குக் கிடையாது. வீட்டுக்கு ஒருவருக்குத்தான். இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் யாருக்குக் கட்டணம் அதிகமோ அவருக்கு வாங்குவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ஆதிதிராவிடர் நல உதவித்தொகைக்கு விண்ணப்பித்து ஒரு செமஸ்டர் முடிந்துவிட்டது. கூடப் படிப்பவர்களுக்குப் பணம் ஏறிவிட்டது, எனக்கு ஏறவில்லை. வங்கியில் கேட்டால் 'ஆதார் இணைத்தாகிவிட்டது' என்கிறார்கள். கல்லூரியில் கட்டணத்தைக் கட்டச் சொல்லி நெருக்குகிறார்கள். (மாணவர், பரமக்குடி)

பதில்: வங்கி சொல்வதும் உண்மையாக இருக்கலாம், பணம் வராததும் உண்மைதான். ஆதாரைக் கணக்கோடு இணைப்பது ஒரு வேலை. 'ஆதார் சீடிங்' என்பது வேறு வேலை. முதலாவது, நீங்கள் யார் என்று வங்கி உறுதிசெய்துகொள்வது. சீடிங் என்பது, இந்த ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப் பரிமாற்றக் கழகத்தின் பட்டியலில் பதிவது. பணம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போகிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து அல்ல.

முதலில் ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் ஆதார் எண்ணைக் கொடுத்து 'வங்கி சீடிங் நிலை'யைப் பாருங்கள். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். உள்ளே போனால் எந்த வங்கி, செயலில் உள்ளதா இல்லையா என்று காட்டும். பெரும்பாலும் அங்கேதான் வியப்பு காத்திருக்கும். கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆனதோ அதுவே பட்டியலில் இருக்கும். சிம் கார்டு வாங்கும்போதோ முகாமிலோ விரல்ரேகை வைத்துத் திறந்த ஏதோ ஒரு கணக்குக்கு உங்கள் உதவித்தொகை போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் பணம் தொலையவில்லை, அந்தக் கணக்கில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு, வேண்டிய வங்கியில் சீடிங் ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலை 'செயலில் இல்லை' என்று காட்டினால் வங்கிக் கிளையில் நேரில்தான் தீர்க்க வேண்டும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. பள்ளியில் படிக்கும்போது முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால், அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓர் ஆண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. தனியார் கல்லூரிக் கட்டணமும் பராமரிப்புத் தொகையும் சேர்ந்து ஏறினால் இந்த வரம்பு இடிக்கும், பணம் திரும்பிப் போகும். ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து முழுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கும் முடங்கியிருக்கும்.

உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணம் தனி, பராமரிப்புத் தொகை தனி. பராமரிப்புத் தொகை பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுக்கு விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போய் வந்தால் 7,000. சாதாரணப் பட்டப் படிப்பு மூன்றாம் பிரிவில் வரும், 6,000, 3,000. இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். இரண்டும் ஒரே நாளில் வராது. முதல் தவணையைப் பார்த்துவிட்டு 'குறைத்துவிட்டார்கள்' என்று பதற வேண்டாம்.

கல்லூரி நெருக்குவதற்கு வருவோம். கட்டணமும் மாணவர் கணக்குக்கே வருவதால், வந்த ஏழு நாளுக்குள் நீங்கள் கல்லூரிக்குச் செலுத்திவிட வேண்டும் என்பது விதி. சிலர் அதை வீட்டுச் செலவுக்குப் பயன்படுத்திவிடுவதால்தான் கல்லூரிகள் முன்கூட்டியே கெடுபிடி செய்கின்றன. பணம் வரும்வரை கட்டணமில்லாமல் சேர்ந்து படிக்க வழிசெய்யும் 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடும் அதே விதிகளில் இருக்கிறது. விண்ணப்ப எண், கல்லூரி சரிபார்த்த தேதி, சீடிங் நிலையின் அச்சுப்படி மூன்றையும் இணைத்து முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். நகலை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

கேள்வி: நாங்கள் கிறித்தவ ஆதிதிராவிடர். சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கிறது. எந்தத் துறையில் விண்ணப்பிப்பது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இடஒதுக்கீட்டில் நீங்கள் பிற்படுத்தப்பட்டோர். ஆனால் உதவித்தொகையில் தமிழக அரசு மதம் மாறிய ஆதிதிராவிடர்களையும் ஆதிதிராவிடர் நலத் துறையின் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. அங்கேயே விண்ணப்பியுங்கள். கல்லூரி எழுத்தர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டுவிட்டால் கிடைக்கும் தொகை பெரிதும் குறைந்துவிடும்.

கேள்வி: பையன் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்கிறான். பெரிய செலவு இல்லை என்கிறார்கள். இருந்தாலும் ஏதாவது கிடைக்குமா? (வாசகர், அரூர்)

பதில்: அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. தேர்வு, சிறப்புக் கட்டணம் போன்றவைதான். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பென்றால் மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு வருமான வரம்பில்லாத இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு அது பொருந்தும். உதவி பெறும் கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவும் நடக்கும். ஒரே வளாகம், ஒரே பெயர்ப் பலகை. சேரும்போது எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள், இரண்டுக்கும் விதி ஒன்றல்ல. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பள்ளியின் 'எமிஸ்' எண் (பள்ளி மாணவர் பதிவு எண்) கல்லூரியின் 'யூமிஸ்' (கல்லூரி மாணவர் தகவல் தளம்) பதிவோடு சேர்ந்தால்தான் பெயர் பட்டியலில் வரும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: மத்திய அரசின் 12,000 ரூபாய் உதவித்தொகைக்கு 80 சதவீதம் மதிப்பெண் வேண்டுமாமே? என் பெண் 88 சதவீதம். உறுதியா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 80 சதவீதம் அல்ல, 80-ஆவது சதமானம். அதாவது அந்தத் தேர்வு வாரியத்தில் பிளஸ் டூ தேறியவர்களில் மேல்நிலை 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். தமிழ்நாட்டில் மதிப்பெண்கள் உயரமாக இருக்கும் ஆண்டில் 88 கூடப் போதாமல் போகலாம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முழுநேர வகுப்பில் படிக்க வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குத்தான். முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 12,000, முதுநிலையில் 20,000.

வேறு உதவித்தொகை பெறுபவருக்கு இது கிடையாது என்பது முக்கியமான நிபந்தனை. ஆகவே ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பெண் பொறியியல் சேர்கிறாள் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'பிரகதி' உதவித்தொகையை முதலில் பாருங்கள். மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000, வருமான வரம்பு எட்டு லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. முதலாண்டில், அல்லது நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு அதே தொகையில் 'சக்‌ஷம்' இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் வாசல் தேசிய உதவித்தொகைத் தளம். முதலில் ஒருமுறைப் பதிவு, முகம் காட்டி உறுதி செய்தல். பிறகுதான் விண்ணப்பம். 'சமர்ப்பித்தாயிற்று' என்று வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் கடைசித் தேதிக்குள் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் தகுதி இருந்தும் விண்ணப்பம் அங்கேயே காலாவதியாகும். மாணவருக்கான கடைசித் தேதியும் கல்லூரிக்கான கடைசித் தேதியும் வெவ்வேறு. விண்ணப்பித்த மறுநாளே அச்சுப்படியோடு அந்த அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி: ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. எதை மாற்ற? (மாணவி, சங்கரன்கோவில்)

பதில்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் தொடாதீர்கள். அதுவே அடிப்படை ஆவணம். அதிலுள்ள எழுத்துக் கூட்டலுக்கு ஏற்ப ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் மையத்து ஆள் தட்டச்சு செய்ததைப் படிக்காமல் ஒப்புக்கொண்டு ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடாதீர்கள். புள்ளி, இடைவெளிகூட ஆதாரில் உள்ளபடியே விண்ணப்பத்தில் இருக்கட்டும். ஆதார் திருந்திய பிறகு வங்கிக் கணக்கிலும் பெயரை மாற்றுங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: கல்விக் கடனுக்கு மூன்று வங்கிக் கிளைகளில் ஏறி இறங்கிவிட்டேன். ஒரு கிளையில் 'உங்கள் ஊர் எங்கள் எல்லையில் இல்லை' என்றார்கள். இன்னொன்றில் நிலப் பத்திரம் கேட்டார்கள். மூன்றாவதில் 'கணக்கு இல்லாதவர்களுக்குத் தர மாட்டோம்.' மொத்தத் தேவை ஆறு லட்சம். (வாசகர், மணப்பாறை)

பதில்: உங்களுக்குச் சொன்ன முதல் இரண்டு காரணங்களும் செல்லாதவை. ஊர் எல்லையைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நான்கு லட்சம் வரை எந்தப் பிணையும் கேட்கக் கூடாது. அதற்கு மேல் ஏழரை லட்சம் வரையிலும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 75 சதவீதம் பொறுப்பேற்கிறது. அதன்கீழ் வரும் கடனுக்குச் சொத்துப் பிணையும் மூன்றாம் நபர் ஜாமீனும் தேவையில்லை. தாயோ தந்தையோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். அது பிணை அல்ல. ஆறு லட்சத்தில் வங்கி முழுதும் தராது. நான்கு லட்சத்துக்கு மேல் போகும் கடனுக்கு, இந்தியாவில் படிப்பதென்றால், செலவில் 5 சதவீதம் உங்கள் பங்கு. மூன்றாவது காரணத்துக்கு எளிய மருந்து, உங்கள் குடும்பம் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் கிளையிலேயே தொடங்குவது.

நேரில் போய்ப் பேசுவதை நிறுத்திவிட்டு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ஒரே பொது விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். இதில் இருக்கும் பெரிய நன்மை, மறுத்தால் மறுத்ததற்குப் பதிவு இருக்கும். கிளை மேலாளர் மேசைக்கு முன்னால் நின்று கேட்டுத் திரும்பியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நிலை 'ஆன் ஹோல்டு' என்று வந்தால் மறுப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஏதோ ஓர் ஆவணம் கேட்கிறார்கள் என்று பொருள்.

ஆவணக் கட்டு: பத்து, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் சேர்க்கைச் சான்று, நான்கு ஆண்டுக்குமான கட்டண விவரம், மாணவர் மற்றும் பெற்றோரின் ஆதார், பான், வருமானச் சான்றிதழ், ஆறு மாத வங்கிப் பரிவர்த்தனை அறிக்கை. இவற்றில் பெரும்பாலும் கோளாறாவது கட்டண விவரம். முதலாண்டுக் கட்டணத்துக்கு மட்டும் எழுதி வாங்கி வந்தால் வங்கி முதலாண்டுக்கு மட்டும் அனுமதிக்கும், அல்லது திருப்பி அனுப்பும். ஆண்டுவாரியாகக் கல்வி, விடுதி, தேர்வு, நூலகம், ஆய்வகம் என்று பிரித்து, கல்லூரி முத்திரையோடு, கல்லூரி வங்கிக் கணக்கு விவரத்தோடு வாங்குங்கள். புத்தகம், மடிக்கணினி, சீருடை, செயல்முறைத் திட்டச் செலவுகளையும் கடனில் சேர்க்கலாம். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, கட்டட நிதி போன்றவை மொத்தக் கல்விக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை மட்டுமே. ஏற்கெனவே கைக்காசில் முதல் தவணை கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வருமானத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உதவித்தொகைக்காக 96,000 என்று சான்றிதழ் வாங்கிவிட்டு, கடன் எளிதாகக் கிடைக்கட்டும் என்று வங்கியில் ஐந்து லட்சம் வருமானம் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே கோப்பில் சந்திக்கும் நாள் வரும். எங்கும் ஒரே எண்ணைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவாக வேண்டும். மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் உள்ளது. எழுத்தில் காரணம் கேளுங்கள். பிறகு வங்கியின் மண்டல அலுவலகத்துக்குப் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. மண்டல அலுவலகத்துக்கு எழுதாமல் நேரே குறைதீர்ப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: அப்பா டிராக்டர் கடன் கட்டாமல் சிபில் மதிப்பெண் விழுந்துவிட்டது. எனக்குக் கடன் கிடைக்காதா? (மாணவர், உளுந்தூர்பேட்டை)

பதில்: கடினம், ஆனால் கதவு மூடிவிடவில்லை. சிபில் மதிப்பெண் என்பது வாங்கிய கடனை ஒருவர் எப்படிக் கட்டுகிறார் என்பதைக் காட்டும் எண். மாணவரின் குறைந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. தமிழ்நாட்டுக் கிளை மேலாளர் அதைக் கேட்டுத் தலையாட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். நடைமுறை வழி, அம்மாவை இணைக் கடன்தாரராக்குவது. அம்மா பெயரில் மகளிர் குழுக் கடன், நகைக் கடன் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று முதலில் சிபில் அறிக்கை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அப்பாவின் கடனைச் சமரசத்தில் முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அது 'குளோஸ்டு' ஆகாது. முடிந்தால் முழுதாகக் கட்டி நிலுவையின்மைச் சான்று வாங்குங்கள்.

கேள்வி: படிக்கும்போதே வட்டி கட்டினால் லாபமா, வேலைக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கணக்குப் போட்டே பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு, வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. அதுவரை தனிவட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, அடுத்ததுக்கு 40,000, பிறகு 30,000, 20,000. மொத்தம் 1,40,000. இது அசலோடு சேர்ந்து கடன் 5,40,000 ஆகிவிடும். அதன் பிறகு வட்டிக்கும் வட்டி. பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டினால் முதலாண்டில் மாதம் 833, இரண்டாமாண்டில் 1,667, மூன்றாமாண்டில் 2,500, அதன்பின் 3,333. வேலைக்குப் போகும்போது கடன் நான்கு லட்சமாகவே நிற்கும். தவணை சுமார் 5,290. மொத்தத்தில் 80,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன, அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஆனால் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்து, கல்லூரிக்கு 'நாக்' அங்கீகாரமோ படிப்புக்கு 'என்.பி.ஏ.' அங்கீகாரமோ இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்குமான வட்டி முழுவதையும் மத்திய அரசே மானியமாகத் தரும். அவர்கள் அவசரப்பட்டு வட்டி கட்ட வேண்டாம். மானியத்தை மாணவர் நேரடியாகக் கேட்க முடியாது, வங்கிதான் கோர வேண்டும். கடன் வாங்கும் நாளிலேயே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியக் கோரிக்கையில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். பாதியில் படிப்பை விட்டால் மானியம் கிடையாது. இளநிலை, முதுநிலை இரண்டில் ஒரு முறைதான்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி வேறு திட்டம், அதற்குத் தனி இணையதளம். தரவரிசையில் முன்னணியில் உள்ள, பட்டியலிட்ட கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. பழைய தளத்தில் விண்ணப்பித்துவிட்டு இந்தச் சலுகையை எதிர்பார்த்தால் வராது.

கேள்வி: கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை அப்பாவுக்கா மகனுக்கா? (வாசகர், ஈரோடு)

பதில்: யார் கட்டுகிறாரோ அவருக்கு. 80இ பிரிவின்படி வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை, உச்சவரம்பும் இல்லை. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டு ஆண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே. மாமாவிடம் வாங்கிய கடனுக்குச் செல்லாது.

கேள்வி: 'உங்கள் மகனுக்கு 75,000 ரூபாய் உதவித்தொகை ஒதுக்கியாகிவிட்டது, 1,500 ரூபாய் பரிசீலனைக் கட்டணம் அனுப்புங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பலாமா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: வேண்டாம். அரசு உதவித்தொகை எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு வாங்கும் 60 ரூபாய் போன்ற சேவைக் கட்டணம்தான். ஓ.டி.பி. கேட்டுத் தொலைபேசி வந்தாலும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.